ஷியானில் ஒரு நாள்: சுடுமண் படை முதல் புல்லட் ரயில் வரை, குழுவோடு போகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சீனாவுக்குக் குழுவாகப் போகிறவர்களின் திட்டத்தில் பெரும்பாலும் மூன்று ஊர்கள் இருக்கும்: பெய்ஜிங், ஷியான், ஷாங்காய். இதில் ஷியானுக்குக் கிடைப்பதுதான் குறைவு. ஒரு ராத்திரி, மிஞ்சிப்போனால் இரண்டு. அதனால் பார்க்க வேண்டியதெல்லாம் கிளம்பும் நாளிலேயே வந்து குவியும். காலையில் ஹோட்டலைக் காலி செய்ய வேண்டும், பழங்காலப் பேரரசன் ஒருவனின் சமாதிக்குக் காவலாகக் குழிகளில் புதைத்த மண் வீரர்களான சுடுமண் படையைப் பார்க்க வேண்டும், சாப்பிட்டுவிட்டு நகர மதிலையோ யுவான் சுவாங் கோபுரத்தையோ பார்க்க வேண்டும், சாயங்காலம் பெய்ஜிங் ரயிலைப் பிடிக்க வேண்டும்.

பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும், எங்கே நிற்கும் என்பதெல்லாம் உங்கள் கையில் இல்லை. ஆனால் ஒவ்வொரு இடத்திலும் கைடு கொடியை இறக்கிவிட்டு "நாற்பது நிமிஷம், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்பார். அந்த நாற்பது நிமிஷம் உங்களுடையது. அதை எங்கே செலவழிப்பது என்று முன்கூட்டியே தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் அந்த நாள் முற்றிலும் வேறாக இருக்கும். இந்த வழிகாட்டி பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

முந்தின இரவு

பெரிய பெட்டியை மூடும் முன் ஒன்றை நினைவில் வையுங்கள். காலையில் அது பஸ்ஸின் அடியில் போய்விட்டால் சாயங்காலம் ரயில் நிலையத்தில்தான் திரும்பக் கிடைக்கும். சில நிறுவனங்கள் பெட்டிகளைத் தனி வண்டியில் அனுப்பிவிடுகின்றன. அப்படியானால் அடுத்த ஊர் ஹோட்டலில்தான் பார்ப்பீர்கள். ஆகவே பாஸ்போர்ட், அன்றைக்குப் போட வேண்டிய மாத்திரைகள், ஒரு ஸ்வெட்டர் அல்லது சால்வை, டிஷ்யூ பேப்பர், பிளாஸ்க், ராத்திரிக்குக் கொஞ்சம் சாப்பாடு எல்லாம் தோள் பையில் இருக்கட்டும்.

பாஸ்போர்ட் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். சீனாவில் அருங்காட்சியக அனுமதி, ரயில் டிக்கெட், ஹோட்டல் பதிவு மூன்றுமே பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டவை. போனில் இருக்கும் படம் காணாமல் போனால் உதவும், கேட்டில் உதவாது. நம்மவர்களின் பெயரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. குடும்பப்பெயர் என்ற கட்டம் பலருக்கு வெறுமையாக இருக்கும், இல்லையென்றால் அப்பா பெயர் அங்கே உட்கார்ந்திருக்கும். டிக்கெட் போடுகிறவர் குழம்புவது இங்கேதான். டூர் மேனேஜரிடம் பெயர்ப் பட்டியலை வாங்கி, உங்கள் பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் எழுத்து எழுத்தாக முந்தின நாளே சரிபாருங்கள். குழு விசாவில் வந்திருந்தால் அந்தத் தாள் அவரிடம்தான் இருக்கும். தனியாகப் பிரிந்து ஊர் திரும்புவதெல்லாம் அதில் சுலபமில்லை.

பணம். சீனாவில் தெருவோரப் பழக்கடைக்காரர்கூட போனைத்தான் நீட்டுவார். போனில் பணம் கட்டும் செயலிகளான அலிபே, வீசாட் இரண்டும் வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை ஏற்கின்றன. 200 யுவான் வரையிலான செலவுக்குக் கூடுதல் கட்டணம் இல்லை, அதற்கு மேல் 3 சதவீதம் பிடிப்பார்கள். சிங்கப்பூர், மலேசியா, இலங்கையிலிருந்து போகிறவர்கள் ஊரிலேயே இவற்றை இறக்கி, அட்டையை இணைத்துக்கொள்ளலாம். இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு இது தகராறு. 2020-இல் தடை செய்யப்பட்ட செயலிகளில் இவை இரண்டும் இருக்கின்றன. எனவே ரொக்கத்தையே நம்பிப் போங்கள். 10, 20 யுவான் தாள்களாக நிறைய வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கத்தை மறுக்கக்கூடாது என்று சீன மத்திய வங்கி கடைகளுக்குச் சொல்லியிருக்கிறது. ஆனால் 100 யுவானுக்குச் சில்லறை இல்லை என்று கையை விரிப்பதை அது தடுக்காது.

கூகுள், யூடியூப், வாட்ஸ்அப் எதுவும் ஹோட்டல் வைஃபையில் வராது. உங்கள் ஊர் சிம்மில் ரோமிங் டேட்டா போட்டிருந்தால் வரும், ஏனென்றால் அந்த இணைப்பு உங்கள் ஊர் நிறுவனம் வழியாகத்தான் சுற்றி வருகிறது. குழுவில் நான்கு பேரிடமாவது ரோமிங் இருந்தால், யாராவது தொலைந்தால் தேடுவதற்கு வழி இருக்கும்.

காலை: வயிறும் கால்களும்

சீனா முழுவதற்கும் ஒரே நேரம்தான், பெய்ஜிங் நேரம். ஷியான் மேற்கே தள்ளி இருப்பதால் டிசம்பர், ஜனவரியில் ஏழே முக்காலுக்குத்தான் சூரியன் வரும். ஆறரைக்குச் சாப்பாட்டு அறைக்குப் போனால் நள்ளிரவு மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். கோடையில் இதற்கு நேர்மாறு. சாயங்காலம் எட்டு மணிவரை வெளிச்சம் இருக்கும், வெயிலும் இருக்கும்.

ஹோட்டல் காலை உணவில் சைவக்காரர்கள் நம்பிப் போகக்கூடியது அரிசிக் கஞ்சி. உப்பில்லாமல், எதுவும் கலக்காமல் ஒரு பாத்திரத்தில் இருக்கும். நம் கஞ்சியேதான். பக்கத்தில் கலர் கலராக எதையாவது தூவியிருக்கும் இன்னொரு கஞ்சியில் இறைச்சித் துணுக்கு இருக்கக்கூடும், கரண்டி போட்டுக் கிளறிப் பாருங்கள். ஊறுகாயோ பருப்புப் பொடியோ கையில் இருந்தால் காலைப் பிரச்சினை தீர்ந்தது. ஆவியில் வேகவைத்த வெள்ளை மாவு உருண்டையான மந்தோ, சோயாப் பால், எண்ணெயில் பொரித்த நீள மாவுக் குச்சியான யோத்தியாவோ, பழம் எல்லாம் இருக்கும். உள்ளே பூரணம் வைத்த பாவ்சி பக்கம் போகும்போது மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள். வதக்கிய கீரை பார்க்கச் சைவம்தான். ஆனால் பன்றிக் கொழுப்பிலோ சிப்பிச் சாறு விட்டோ செய்திருக்கலாம்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். அறையில் கெட்டில் இருக்கும், காலையிலேயே பிளாஸ்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள். சீனர்கள் எங்கே போனாலும் வெந்நீர் குடிக்கிறவர்கள். ரயில் நிலையம், அருங்காட்சியகம் என்று எல்லா இடத்திலும் வெந்நீர்க் குழாய் உண்டு. குளிர்ந்த தண்ணீர்தான் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

கழிப்பறைகளில் பெரும்பாலானவை குந்தி உட்காரும் வகை. நமக்கு அது பழக்கம்தான், ஆனால் முழங்கால் வலி உள்ளவர்கள் சக்கர நாற்காலிப் படம் போட்ட கதவைத் தேடுங்கள், அங்கே மேற்கத்திய வகை இருக்கும். எங்கேயும் தண்ணீர் இருக்காது, பல இடங்களில் பேப்பரும் இருக்காது. ஒரு காலி அரை லிட்டர் பாட்டிலைப் பையில் வைத்திருப்பவர் பிழைத்தார்.

செருப்பு வேண்டாம், பழகிய ஷூதான். இந்த ஒரு நாளில் சாதாரணமாகவே எட்டு, பத்து கிலோமீட்டர் நடை வந்துவிடும். புது ஷூவை இன்றைக்குத் திறக்காதீர்கள்.

பஸ்ஸில்

ஏறும் முன் பஸ்ஸின் நம்பர் பிளேட்டைப் படம் எடுங்கள். சுடுமண் படை அருங்காட்சியகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரே நிறத்தில் வரிசையாக நிற்கும் பஸ்களுக்குள் உங்கள் பஸ்ஸைக் கண்டுபிடிக்க அதுதான் துணை. உள்ளூர் கைடின் போன் நம்பரையும் ஹோட்டல் முகவரி அட்டையையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அருங்காட்சியகம் நகரத்துக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில், லின்தோங் என்ற இடத்தில் இருக்கிறது. போக்குவரத்தைப் பொறுத்து ஒரு மணி நேரமோ கொஞ்சம் கூடவோ ஆகும். இந்த ஒரு மணி நேரம் தூங்காதீர்கள். நல்ல கைடுகள் வரலாறு முழுவதையும் பஸ்ஸிலேயே சொல்லிவிடுவார்கள். குழிக்குள் போனபின் கூட்டத்தில் ஒன்றும் காதில் விழாது. இன்னொன்றையும் இங்கேயே கேளுங்கள்: "வெண்கல ரதங்களைக் காட்டுவீர்களா?" ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வழியில் ஒரு கடை

அருங்காட்சியகத்துக்கு முன்னால் "தொழிற்கூடம்" ஒன்றில் பஸ் நிற்கலாம். சுடுமண் வீரர்களை அச்சில் வார்த்து, சூளையில் சுடுவதைப் பத்து நிமிஷம் காட்டுவார்கள். அது உண்மையிலேயே பார்க்க நன்றாக இருக்கும். அப்புறம் அரை மணி நேரம் பச்சை ஜேட் கல், பட்டு மெத்தை, அரக்கு மேசை என்று கடை நீளும். ஆளுயரச் சிலையைக் கப்பலில் வீட்டுக்கே அனுப்புகிறோம் என்பார்கள்.

சீனச் சுற்றுலாச் சட்டம் 2013 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. மிகக் குறைந்த விலை காட்டி ஆள் சேர்த்து, கடைகளில் கமிஷன் எடுப்பதை அது தடுக்கிறது. பயணியின் சம்மதமில்லாமல் குறிப்பிட்ட கடைக்குக் கூட்டிப்போவதும் கூடாது. நடைமுறையில், உங்கள் பயணத் திட்டத் தாளில் சின்ன எழுத்தில் அந்தக் கடையின் பெயர் இருக்கும், நீங்கள் கையெழுத்தும் போட்டிருப்பீர்கள். ஆகவே சண்டை போடுவதைவிட, பணம் கட்டும் முன்பே "எத்தனை கடை நிறுத்தம்?" என்று கேட்பது நல்லது. குழுவில் பாதிப் பேர் சேர்ந்து டூர் மேனேஜரிடம் சொன்னால் கடையில் இருக்கும் நேரத்தை அரை மணியிலிருந்து பத்து நிமிஷமாக்க முடியும். நாங்கள் அப்படிச் செய்தோம். கைடு அடுத்த ஒரு மணி நேரம் உம்மென்று இருந்தார், அவ்வளவுதான்.

உள்ளங்கை அளவு வீரர் பொம்மை வேண்டுமென்றால் இங்கே வாங்காதீர்கள். அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வரும் வழியில் இதே பொம்மையை ஐந்தில் ஒரு பங்கு விலைக்குத் திணிப்பார்கள்.

சுடுமண் படை: மூன்று குழிகள், ஒரு ரகசியம்

காலை எட்டரைக்குத் திறக்கிறார்கள். முடிந்தவரை முதல் ஆளாகப் போய்விட வேண்டும். டிக்கெட் 120 யுவான், குழுவோடு போனால் அது உங்கள் கட்டணத்தில் அடங்கியிருக்கும். பாஸ்போர்ட்டைக் காட்டி, பையை ஸ்கேன் செய்து உள்ளே போனபின் குழிகள் இருக்கும் கட்டடங்கள் வரை கால் மணி நேர நடை. நடக்க முடியாதவர்களுக்கு மின்வண்டி உண்டு, அதற்குத் தனியாகச் சில யுவான்.

கதை சுருக்கமாக. 1974 மார்ச்சில் இங்கே விவசாயிகள் கிணறு வெட்டினார்கள். மண்ணுக்கடியில் ஒரு சுடுமண் உருவம் தட்டுப்பட்டது. தொல்லியலாளர்கள் வந்து தோண்டத் தோண்ட ஒரு படையே வெளியே வந்தது. 1979-இல் அருங்காட்சியகம் திறந்தது, 1987-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. படை யாருடையது? பதின்மூன்று வயதில் சின் நாட்டு அரசனாகி, கி.மு. 221-இல் மற்ற நாடுகளையெல்லாம் விழுங்கி, சீனாவின் முதல் பேரரசன் ஆன சின் ஷி ஹுவாங்குடையது. கி.மு. 210-இல் செத்துப்போனான். செத்த பிறகும் காவலுக்கு ஆள் வேண்டுமென்று சுமார் 8,000 வீரர்களைச் செய்து புதைக்க வைத்திருக்கிறான். இதுவரை வெளியே எடுத்தது அதில் ஒரு பகுதிதான்.

இப்போது உங்கள் நாற்பது நிமிஷக் கணக்கு. எல்லாக் குழுக்களும் முதல் குழிக்குத்தான் ஓடும். அது 230 மீட்டர் நீளம், 62 மீட்டர் அகலம், மேலே விமானக் கொட்டகை மாதிரி ஒரு கூரை. படங்களில் நாம் பார்த்த காட்சி இதுதான். நுழைந்த இடத்தில் கம்பியருகே ஐந்து வரிசைக்கு ஆட்கள் நிற்பார்கள், கை நீட்டி போன்கள் மட்டும் தெரியும். அங்கே முட்டி மோத வேண்டாம். ஒரு படம் எடுத்தால் போதும். உடனே வலது பக்கமோ இடது பக்கமோ கம்பியோரமாக நடக்கத் தொடங்குங்கள். இருபதடி தாண்டினால் கூட்டம் கரைந்துவிடும். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போதுதான் முகங்கள் தனித்தனியாகத் தெரியும். ஒருவனுக்கு மீசை முறுக்கியிருக்கும், ஒருவனுக்குத் தாடை தூக்கியிருக்கும், கொண்டைகூட ஆளுக்கொரு விதமாகச் சாய்ந்திருக்கும்.

அப்படியே கடைசிவரை போங்கள். பின்பக்கம்தான் என்னைப் பொறுத்தவரை இந்த இடத்திலேயே முக்கியமானது. அங்கே தலையில்லாமல், கையில்லாமல், உடம்பில் பிளாஸ்டிக் சுற்றிக் கட்டிய வீரர்கள் நிற்பார்கள். ஒட்டவைக்கும் வேலை நடக்கும் இடம் அது. தோண்டும்போது முழுசாகக் கிடைத்த உருவங்கள் மிகக் குறைவு. மரக்கூரை எரிந்தும் இடிந்தும் விழுந்ததில் அத்தனையும் நொறுங்கிக் கிடந்தன. முன்வரிசையில் மிடுக்காக நிற்பவர்களை எல்லாம் துண்டு துண்டாகச் சேர்த்து ஒட்டித்தான் நிறுத்தியிருக்கிறார்கள். இதைப் பார்க்காமல் முன்வாசலில் படம் எடுத்துத் திரும்புகிறவர்கள் பாதிதான் பார்த்தார்கள்.

இன்னொரு விஷயமும் அங்கே மனதில் வரும். இந்த உருவங்கள் மண் நிறத்தில் செய்யப்படவில்லை. சிவப்பு, பச்சை, ஊதா என்று வண்ணம் பூசியிருந்தார்கள். வண்ணத்துக்கு அடியில் இருந்த அரக்குப் பூச்சு, இரண்டாயிரம் வருஷ ஈரத்திலிருந்து திடீரென்று உலர்ந்த காற்றுக்கு வந்ததும் சுருண்டு உதிர்ந்துவிட்டது. அதனாலும்தான் மீதிக் குழிகளைத் தோண்ட அவசரப்படாமல் இருக்கிறார்கள்.

மூன்றாம் குழி சின்னது, பத்து நிமிஷம் போதும். படைத் தலைமையகம் என்று கருதப்படுகிறது, அறுபத்தெட்டு உருவங்கள். இரண்டாம் குழி மங்கலான வெளிச்சத்தில், பெரும்பகுதி இன்னும் மூடிக் கிடக்கும். குழியைப் பார்த்து ஏமாந்து உடனே வெளியேறாதீர்கள். சுற்றிலும் இருக்கும் கண்ணாடிப் பெட்டிகள்தான் இங்கே விசேஷம். முதல் குழியில் தூரத்திலிருந்து பார்த்ததை இங்கே ஒரு முழம் தூரத்தில் பார்க்கலாம். மண்டியிட்ட வில்லாளனின் பின்னால் போய் நின்று பாருங்கள். அவன் காலணியின் அடிப்பாகத்தில் தையல் புள்ளிகள்கூட வரிசையாகத் தெரியும். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் ஒரு குயவன் அதைச் செய்திருக்கிறான்.

வெண்கல ரதங்களுக்கு வருவோம். 1980-இல் பேரரசனின் சமாதி மேட்டுக்கு மேற்கே கிடைத்த இரண்டு ரதங்கள் இவை. உண்மை அளவில் பாதி, ஒவ்வொன்றுக்கும் நான்கு குதிரைகள், ஆயிரக்கணக்கான வெண்கல, தங்க, வெள்ளித் துண்டுகளைக் கோத்துச் செய்தவை. முன்பு இவை குழிகளுக்குப் பக்கத்திலேயே இருந்தன. இப்போது சமாதி மேடு இருக்கும் லிஷான் பூங்காவில் 2021-இல் திறந்த தனி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அதே டிக்கெட் செல்லும், இலவச பஸ் போகும். ஆனால் போய்வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவதால் பல குழுக்கள் சத்தமில்லாமல் விட்டுவிடுகின்றன. இதற்காகத்தான் பஸ்ஸிலேயே கேட்கச் சொன்னேன். கடையில் மிச்சம் பிடித்த நேரத்தை இங்கே போடச் சொல்லுங்கள்.

சமாதி மேடு இன்றுவரை திறக்கப்படவில்லை. உள்ளே பாதரசத்தால் ஆறுகளும் கடலும் செய்து ஓடவிட்டிருந்தார்கள் என்று பழைய சீன வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதினார். மேட்டு மண்ணைச் சோதித்தபோது பாதரசம் இயல்பைவிட அதிகமாகவே இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் மரங்கள் வளர்ந்த சாதாரண மண் மேடுதான்.

கடைசியாக, மிக முக்கியமான ஒன்று: வெளியேறும் வாசல் வேறு, நுழைந்த வாசல் வேறு. வெளியேறும் வழியில் கடைத்தெரு நீண்டு கிடக்கும். "எங்கே சந்திப்போம்" என்பதை நுழையும் முன்பே கேட்டு, அந்த இடத்தின் பெயரைக் கைடின் கையால் சீன எழுத்தில் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதே பழக்கம் பெய்ஜிங் அரண்மனையிலும் உதவும். அங்கே தெற்கே நுழைந்தால் வடக்கேயோ கிழக்கேயோதான் வெளியே விடுவார்கள்.

மதியச் சாப்பாடு

வட்ட மேசை, நடுவில் சுழலும் கண்ணாடித் தட்டு, பத்துப் பேர். சைவக்காரர்கள் தனி மேசையில் சேர்ந்து உட்காருங்கள். கலந்து உட்கார்ந்தால் சைவத் தட்டு இரண்டுதான் வரும், அதையும் மற்றவர்கள் ஆசையாக எடுத்துக்கொள்வார்கள்.

"சைவம்" என்று மட்டும் சொன்னால் போதாது. இறைச்சி, மீன், இறால், இறைச்சி வேகவைத்த தண்ணீர், பன்றிக் கொழுப்பு எதுவும் கூடாது, முட்டை சரியா இல்லையா என்று ஒவ்வொன்றாக கைடிடம் சொல்லி, அதைச் சீனத்தில் போனில் தட்டச்சு செய்து வாங்கிக்கொள்ளுங்கள். சமையல்காரரிடம் அந்தத் திரையைக் காட்டினால் வேலை முடிந்தது. மெல்லிசாகச் சீவி வதக்கிய உருளைக்கிழங்கு, வறுத்த பீன்ஸ், கத்தரிக்காய், தக்காளி முட்டை எல்லாம் எங்கேயும் கிடைக்கும். மாபோ தோஃபு என்றால் தோஃபுதானே என்று நினைக்காதீர்கள், அதில் கொத்திறைச்சி போடுவது வழக்கம்.

ஷியானின் சொந்தச் சாப்பாடு கோதுமை. பெல்ட் அகலத்துக்கு இழுத்த பியாங் பியாங் நூடுல்ஸ் மேல் மிளகாய்த் தூளைக் குவித்து, அதன்மேல் காயவைத்த எண்ணெயைச் 'சொர்' என்று ஊற்றுவார்கள். நம் நாக்குக்கு இது உடனே பிடிக்கும். லியாங்பி என்ற குளிர்ந்த நூடுல்ஸும் மிளகாய் எண்ணெய், வினிகரோடு வரும், பொதுவாகச் சைவம். அசைவம் சாப்பிடுகிறவர்கள் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு ஆட்டுச் சாறு ஊற்றும் யாங்ரோ பாவ்மோவைத் தவறவிடக் கூடாது. செப்டம்பர், அக்டோபரில் போனால் லின்தோங் மாதுளை வாங்குங்கள், அந்த வட்டாரத்தின் பெயர் பெற்ற பழம்.

அந்த அக்டோபரில் ஒரு விதிவிலக்கு. 1-ஆம் தேதி தொடங்கும் தேசிய விடுமுறை வாரத்தில் போகவே போகாதீர்கள். மே முதல் வாரமும் சீனப் புத்தாண்டும் அப்படித்தான். நாடே சுற்றுலா கிளம்பியிருக்கும்.

மதிலா, கோபுரமா?

ரயில் சாயங்காலம் என்றால் நகரத்துக்குத் திரும்பியபின் ஒன்றுதான் பார்க்க நேரம் இருக்கும். திட்டத்தில் இரண்டும் போட்டிருந்தால், ஒன்றை பஸ் ஜன்னல் வழியாகக் காட்டுவார்கள்.

மதில் மிங் அரசர்கள் காலத்தில், 1370-களில் எழுப்பியது. சுற்றளவு 13.7 கிலோமீட்டர், உயரம் 12 மீட்டர், மேலே லாரி போகும் அகலம். பழைய நகரத்தை இன்னமும் முழுசாகச் சுற்றி நிற்கிறது. மேலே வாடகைச் சைக்கிள் கிடைக்கும். முழுச் சுற்று ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும், செங்கல் தளம் குலுக்கி எடுக்கும். குழு நேரத்தில் இது ஆகாத காரியம். தெற்கு வாசலில் ஏறி, கிழக்குப் பக்கமாக அடுத்த வாசல் வரை நடந்து திரும்புங்கள். ஒரு பக்கம் பழைய ஓட்டுக் கூரைகள், இன்னொரு பக்கம் அகழியும் அதைத் தாண்டி உயர்ந்த கட்டடங்களும். குழந்தைகளோடு வந்தவர்களுக்கு மதில்தான் சரி.

பெரிய காட்டு வாத்துக் கோபுரம் என் ஓட்டு. படம் எடுக்க மதில் அளவுக்கு வராது. 64 மீட்டர் உயரம், ஏழு அடுக்கு, அலங்காரமில்லாத செங்கல். ஆனால் இது நம் பள்ளிக்கூடப் பாடத்தில் வந்த யுவான் சுவாங்கின் கோபுரம். இந்தியாவெல்லாம் சுற்றிவிட்டு 645-இல் இந்த ஊருக்கு, அன்றைய சாங்ஆனுக்கு, 657 நூல்களோடு அவர் திரும்பினார். அந்தச் சுவடிகளை வைக்க 652-இல் எழுந்தது இந்தக் கோபுரம். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் திருத்திக் கட்டினார்கள். தெற்குச் சதுக்கத்தில் கையில் தடியோடு அவர் சிலை நிற்கிறது.

அவர் காஞ்சிபுரத்துக்கு வந்தது பல்லவர் காலத்தில், சுமார் 640-இல். அங்கே நூறு போல பௌத்த மடங்களும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாகக் குறித்து வைத்தார். காஞ்சியிலிருந்து கடல் தாண்டி இலங்கைக்குப் போவதுதான் அவர் எண்ணம். ஆனால் இலங்கையிலிருந்து வந்த துறவிகள், அரசர் இறந்து நாட்டில் பஞ்சமும் குழப்பமும் என்று சொல்லவே, திரும்பிவிட்டார். காஞ்சியின் பெயரை எழுதிக்கொண்டு போன மனிதர் உட்கார்ந்து மொழிபெயர்த்த வளாகம் இது. உள்ளூர் கைடுகள் இதைச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நீங்களே குழுவில் உள்ளவர்களுக்குச் சொல்லலாம்.

மேலே ஏறத் தனி டிக்கெட், குறுகலான படி. முட்டி ஒத்துழைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், வளாகத்தின் மரநிழலே போதும்.

அன்றிரவும் ஷியானில்தான் தங்கல் என்றால், 1380-இல் கட்டிய முரசு மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் முஸ்லிம் தெருவுக்குச் சாயங்காலம் போய்விடுங்கள். கூட்டம், புகை, ஆட்டுக் கறி மணம், சீன இலந்தைப் பழமும் ஒட்டரிசியும் சேர்த்த இனிப்பு. பின்சந்தில் சீனக் கோயில் மாதிரி ஓட்டுக் கூரையோடு பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. அதன் உள்ளே தெருச் சத்தம் கேட்காது.

ரயில் நிலையம்

ஷியான் வடக்கு நிலையத்தை விமான நிலையம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். ரயிலுக்கு ஒன்றேகால் மணி நேரம் முன்னால் வாசலில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியும் ஸ்கேன் ஆகும். பழம் நறுக்கும் கத்தி, பெரிய கத்தரிக்கோல் இவற்றைப் பிடுங்கிக்கொள்வார்கள். முடிக்கு அடிக்கும் ஸ்பிரே, கொசு மருந்து ஸ்பிரே போன்றவை 150 மில்லிக்கு மேல் இருந்தால் போச்சு. எங்கள் குழுவில் ஒரு மாமியின் காய் நறுக்கும் கத்தி இப்படித்தான் போனது. ஆப்பிளை வேண்டுமானால் கடித்துச் சாப்பிடுங்கள் என்று சோதனை செய்த பையன் சைகை காட்டினான். ரயிலுக்குப் பதிலாக உங்கள் குழு உள்நாட்டு விமானத்தில் போகிறது என்றால் பவர் பேங்க்கைக் கவனியுங்கள். 2025 ஜூன் 28 முதல், சீனாவின் பாதுகாப்புச் சான்றான '3சி' முத்திரை இல்லாத பவர் பேங்க்கை உள்நாட்டு விமானங்களில் விடுவதில்லை.

தாள் டிக்கெட் கிடையாது, பாஸ்போர்ட்தான் டிக்கெட். மெஷின் படிக்காவிட்டால் பதற வேண்டாம், ஓரத்தில் ஆள் நிற்கும் வழி இருக்கும். கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன் கேட் திறக்கும், சில நிமிஷம் முன்பே மூடிவிடும். மூடினால் மூடினதுதான், யார் கெஞ்சினாலும் திறக்காது. பிளாட்பாரத்தில் பெட்டி எண்ணைத் தரையிலேயே எழுதியிருப்பார்கள், அங்கே போய் நில்லுங்கள். கைடுக்கு டிப்ஸ், நன்றி, குழுப் படம் எல்லாம் கேட்டுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். உள்ளூர் கைடு அதற்கு மேல் வர மாட்டார்.

ரயிலில்

பெய்ஜிங் மேற்கு நிலையம் வரை ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். வேகமான ரயில் நாலேகால் மணி நேரத்தில் போய்விடும், நின்று போகிறது ஆறு மணி வரை எடுக்கும். இரண்டாம் வகுப்பில் ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு இருக்கை. ஏ, எஃப் எழுத்துகள் ஜன்னல் பக்கம். டிக்கெட்டைக் குழுவாகப் போட்டிருப்பதால் கணவன் ஒரு பெட்டி, மனைவி ஒரு பெட்டி என்று வருவதுண்டு. பிளாட்பாரத்திலேயே குழுவுக்குள் மாற்றிக்கொள்ளுங்கள். பெரிய சூட்கேஸ்களை வைக்க ரயில் பெட்டியின் கடைசியில்தான் இடம், முதலில் ஏறுபவருக்கே கிடைக்கும். குழுவில் பலசாலிகள் இரண்டு பேரை முன்னால் அனுப்புங்கள்.

வெளிச்சம் இருந்தால் கிளம்பி அரை மணி நேரத்தில் வலது பக்கம் ஹுவாஷான் மலை செங்குத்தாக எழும். அதைத் தாண்டினால் மஞ்சள் மண் மேடுகள், லோயாங், ஜெங்ஜோ. மணிக்கு 300 கிலோமீட்டர் என்று பலகையில் எண் ஏறும்போது எல்லாரும் அதைப் படம் எடுப்பார்கள், நீங்களும் எடுங்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரயில் உணவை நம்ப வேண்டாம், சைவம் அநேகமாகக் கிடைக்காது. ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் வெந்நீர்க் குழாய் இருக்கிறது. ஊரிலிருந்து கொண்டுபோன வெந்நீர் ஊற்றும் உப்புமா, அவல், புளியோதரை டப்பா இங்கேதான் கைகொடுக்கும். சீனக் கப் நூடுல்ஸ் வாங்கினால் மூடியில் மாட்டுப் படம் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

பெய்ஜிங் மேற்கில் ராத்திரி பத்து, பதினொன்றுக்கு இறங்குவீர்கள். அங்கே புது கைடு, புதுக் கொடி, புது பஸ். இறங்கும் முன் இருக்கைப் பையில் பாஸ்போர்ட்டை விட்டுவிட்டீர்களா என்று ஒருமுறை கைவிட்டுப் பாருங்கள். ஹோட்டல் கவுண்டரில் முதலில் கேட்பது அதைத்தான்.